உஷார்! ஐந்தும் சரி... ஆனாலும் ஆபத்து!

காலை எட்டு மணி மருந்து ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழையப்போகும் நர்ஸிங் தங்கைகளே, தம்பிகளே! சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதலாம் ஆண்டிலேயே மனப்பாடம் செய்த ஐந்தையும் பார்த்துவிட்டீர்கள். நல்லது. ஆனால், அந்த ஐந்தும் சரியாக இருக்கும்போதே ஒரு மருந்து நோயாளியின் உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

எப்படி? கேஸ் ஷீட்டில் இருக்கும் டோஸ், அட்மிஷன் அன்று டாக்டர் பார்த்த உடம்புக்கு எழுதியது. நீங்கள் கொடுக்கப்போவது இன்றைய உடம்புக்கு. நடுவில் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும். நேற்று ராத்திரியிலிருந்து யூரின் குறைந்திருக்கும். பேதியில் உடம்பு வற்றியிருக்கும். புதிதாக ஓர் ஆன்டிபயாட்டிக் சேர்ந்திருக்கும். வாயால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு ரைல்ஸ் டியூப் போட்டிருப்பார்கள். மருந்தின் பெயர் அதேதான், மில்லிகிராமும் அதேதான். அதை வாங்கிக்கொள்ளும் உடம்பு மட்டும் வேறாகிவிட்டது. டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு பெட்டருகே சில நிமிடம் நிற்பார். மணிக்கு மணி அந்த உடம்பைப் பார்ப்பது நர்ஸ்தான். அதனால்தான் இந்த உஷார் உங்களுக்கு.

பார்மகாலஜி வகுப்பில் நான்கு படிகள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மருந்து ரத்தத்தில் ஏறுவது, உடம்பெங்கும் பரவுவது, கல்லீரலில் உருமாறுவது, சிறுநீரகம் வழியே வெளியேறுவது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. வார்டில் ஒவ்வொரு படியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

விழுங்கியதெல்லாம் ரத்தத்தில் ஏறாது

வாய் வழியே போகும் மருந்து குடலிலிருந்து நேராக ரத்த ஓட்டத்தில் கலப்பதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயே ஒரு பங்கு அழிந்து, மிச்சம்தான் உடம்புக்குக் கிடைக்கிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது மருந்துக்கு மருந்து வேறு.

மார்ஃபினை எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் கொடுக்கும் 30 மில்லிகிராம், நரம்பு ஊசியாகப் போடும் சுமார் 10 மில்லிகிராமுக்குச் சமம். புற்றுநோய் வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரால் திடீரென்று விழுங்க முடியவில்லை. "சரி, ஊசியாகப் போட்டுவிடுங்கள்" என்று வாய்மொழியாக ஓர் உத்தரவு வருகிறது. அதே 30-ஐ நரம்பில் ஏற்றினால் மும்மடங்கு டோஸ், மூச்சு நின்றுபோகும். வழி மாறினால் டோஸும் மாறியாக வேண்டும். வழியை மாற்றும் எந்த உத்தரவையும் டோஸ் கேட்காமல் ஏற்காதீர்கள்.

சார்பிட்ரேட் விஷயம் இதற்கு நேர்மாறு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கச் சொன்னதை, பதற்றத்தில் அட்டெண்டர் தண்ணீரைக் கொடுத்து விழுங்க வைத்துவிடுவார். பெரும்பங்கு கல்லீரலிலேயே காலி. வேலை செய்யவும் தாமதமாகும். "வலி அடங்கவே இல்லை சிஸ்டர்" என்பார்கள். அடுத்த மாத்திரையை எடுக்குமுன், முதல் மாத்திரை எங்கே போனது என்று கேளுங்கள். வாய் வறண்டிருந்தால் நாக்கை நனைத்துவிட்டு வையுங்கள். நோயாளியை உட்கார வைத்து, பிபி பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது ரைல்ஸ் டியூப். மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து ஏற்றுவது வார்டில் அன்றாட வேலை. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர், சிஆர் என்று எதையாவது பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாள் முழுவதுமோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து அது. நுணுக்கினால் மொத்தமும் ஒரே வீச்சில் இறங்கும். பிபி மாத்திரையாக இருந்தால் பிபி பாதாளத்துக்குப் போகும். பான்டோப்ரசோல் போல மேலுறை போட்ட மாத்திரைக்கு வேறு கதி. உறை உடைந்ததும் வயிற்று அமிலமே மருந்தைத் தின்றுவிடும். கொடுத்தும் கொடுக்காத கணக்கு. இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. கேட்டால் எழுதித் தருவார்கள்.

தைராய்டு மாத்திரையைக் காலை காபியோடும், சிப்ரோவைப் பாலோடும், இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் கொட்டித் தருவதும் இதே ரகம்தான். குடலிலேயே ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்திவிடும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியமும் இரும்பும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி.

ரிப்போர்ட்டில் நார்மல், மூளையில் இரட்டிப்பு

ரத்தத்தில் ஏறிய மருந்து முழுவதும் வேலை செய்வதில்லை. ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனியே திரிவதுதான் வேலை செய்யும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினில் சுமார் 90 சதவீதம் ஒட்டியிருக்கும். பத்தில் ஒரு பங்குதான் களத்தில் இறங்குகிறது.

இப்போது கல்லீரல் கெட்டு, சாப்பாடும் இறங்காமல் படுத்திருக்கும் நோயாளி. ஆல்புமின் 4 இருக்க வேண்டியது 2-க்கு வந்துவிட்டது. ஃபெனிடாயின் அளவு பார்த்தால் 12. இருக்க வேண்டியது 10 முதல் 20. "நார்மல்" என்று ரிப்போர்ட் சொல்கிறது. ஆனால் ஒட்டிக்கொள்ள ஆல்புமின் இல்லாததால் தனியே திரியும் மருந்து இரட்டித்திருக்கிறது. திருத்திக் கணக்கிட்டால் அந்த 12, உண்மையில் 24-க்குச் சமம். நோயாளியின் கண்கள் துடிதுடிக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். அட்டெண்டர், "மனுஷன் குடிச்ச மாதிரி பண்றார் சிஸ்டர்" என்று புகார் சொல்வார். அந்தப் புகாரை விட நல்ல லேப் ரிப்போர்ட் உங்களுக்குக் கிடைக்காது. அளவோடு ஆல்புமினையும் சேர்த்துப் படியுங்கள்.

ஃபெனிடாயினில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அதை உடைக்கும் என்சைம் ஓர் அளவுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்தோம். அளவு சரசரவென்று எகிறிவிடும். டோஸ் கூட்டிய பிறகு வரும் நாட்களில் கண்ணையும் நடையையும் கவனியுங்கள். நரம்பில் ஏற்றும்போது நார்மல் சலைனில் மட்டும்தான் ஏற்ற வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது.

கல்லீரலைக் கலைத்துவிடும் மூன்றாவது ஆள்

மூச்சுத்திணறலோடு ஒரு தாத்தா அட்மிட் ஆகிறார். வருஷக்கணக்காக பீடி. வழக்கமாக டெரிஃபிலின் சாப்பிடுகிறவர்; வார்டிலும் அதையே எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலும் இருப்பதால் சிப்ரோவும் சேர்கிறது. எல்லாமே வழக்கமான மருந்துகள்; யாருக்கும் சந்தேகம் வராது.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலினை உடைப்பது கல்லீரலின் ஒரு குறிப்பிட்ட என்சைம். பீடிப் புகை அந்த என்சைமைத் தூண்டிவிட்டு, மருந்தை வேகமாகக் காலி செய்துகொண்டிருந்தது. வார்டில் பீடி இல்லை; நாளாக ஆக அந்தத் தூண்டுதல் அடங்குகிறது. போதாக்குறைக்கு, மிச்சமிருக்கும் என்சைமையும் சிப்ரோ முடக்குகிறது. பழைய டோஸே இப்போது அதிக டோஸ். வாந்தி, கை நடுக்கம், நாடித்துடிப்பு 130, தூக்கமின்மை; கண்டுகொள்ளாமல் விட்டால் வலிப்பு. "வாந்திக்கு ஒரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று கேட்பார்கள். வாந்தி ஊசியைப் போட்டு, எச்சரிக்கை மணியை நாமே அடக்கிவிடக் கூடாது.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. கல்லீரல் என்சைம்களை முறுக்கிவிட்டு, கூட வரும் மருந்துகளை வேகமாகக் காலி செய்யும். கருத்தடை மாத்திரை நம்பகமில்லாமல் போகும். வார்ஃபரின் வேலை செய்யாமல் போகும், டோஸைக் கூட்டுவார்கள். பெரிய ஆபத்து அதற்குப் பிறகு, காசநோய் மருந்து முடிந்து நிறுத்தும்போது வருகிறது. என்சைம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கூட்டிய வார்ஃபரின் அப்படியே நிற்கும். சில வாரங்களில் ஈறில் ரத்தம், மலத்தில் ரத்தம். ஒரு மருந்தைச் சேர்க்கும்போது மட்டும் உஷாராக இருந்தால் போதாது. நிறுத்தும்போதும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும்.

எல்லாருடைய கல்லீரலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. ஐசோனியாசிட் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஏன் கை கால் மரத்து எரிகிறது என்பதை அந்த மையத்தின் ஆரம்பகால ஆய்வுகள் துருவின. மருந்தை மெதுவாக உடைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கே அந்தத் தொல்லை அதிகம். அதற்காகத்தான் கூடவே பைரிடாக்ஸின் மாத்திரை. "சத்து மாத்திரைதானே" என்று நோயாளி தூக்கிப் போட்டால் விடாதீர்கள்.

குழந்தையை 'சின்னப் பெரியவர்' என்று நினைக்காதீர்கள்

1959-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த ஒரு மருத்துவக் கட்டுரை உலகையே உலுக்கியது. தொற்று வராமல் தடுக்க குளோராம்ஃபெனிகால் கொடுத்த குறைமாதக் குழந்தைகள் சாம்பல் நிறமாகி, ரத்த ஓட்டம் சரிந்து இறந்தன. மருந்தைச் செயலிழக்க வைக்கும் என்சைம் அந்தப் பிஞ்சுக் கல்லீரலில் இன்னும் முதிரவில்லை, சிறுநீரகமும் தயாராகவில்லை. உள்ளே போனது வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போனது.

குளோராம்ஃபெனிகாலை இன்று அதிகம் பார்க்க மாட்டீர்கள். ஆனால் பாராசிட்டமால் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 8 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம். 5 மில்லிக்கு 120 என்று எழுதிய சிரப்பில் அது 5 மில்லி. டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும், 1.2 மில்லி போதும். "அஞ்சு மில்லி குடுக்கச் சொன்னாங்க" என்று அம்மா டிராப்ஸ் பாட்டிலிலிருந்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், நான்கு மடங்குக்கும் மேல். டிஸ்சார்ஜ் அன்று மில்லியை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த பாட்டில் என்று கையில் எடுத்துக் காட்டி, அவரையே ஒரு முறை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் இதே மருந்தில் பொறி உண்டு. ஐவி பாராசிட்டமால் ஒரு கிராம் மூன்று வேளை என்று ஒரு பக்கம். காய்ச்சல் வந்தால் 650 மாத்திரை என்று இன்னொரு பக்கம். மாத்திரையும் மூன்று முறை போனால் அன்றைய கணக்கு 4,950 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஐவி டோஸே கிலோவுக்கு 15 மில்லிகிராமாகக் குறைய வேண்டும். அளவு மீறினால் கல்லீரலில் உருவாகும் நச்சுப்பொருளை முறிக்கும் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். முதல் நாள் நோயாளி தெம்பாகத்தான் இருப்பார், அதுதான் ஏமாற்று வேலை. முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன், முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். மஞ்சள் காமாலை தெரியும்வரை காத்திருந்தால் பொன்னான நேரம் போய்விடும்.

க்ரியாட்டினின் 1.0: நம்பிவிடாதீர்கள்!

வார்டில் அதிகம் ஏமாற்றும் எண் இதுதான். 78 வயதுப் பாட்டி. எடை 42 கிலோ. க்ரியாட்டினின் 1.0. லேப் தாளில் சிவப்புக் குறி எதுவும் இல்லை. "கிட்னி நார்மல்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

பேனாவை எடுங்கள். 1976-லிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கு: 140-லிருந்து வயதைக் கழியுங்கள், 62. எடையால் பெருக்குங்கள், 2,604. அதை 72-ஆலும் க்ரியாட்டினினாலும் வகுங்கள், சுமார் 36. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள். வருவது சுமார் 31. ஆரோக்கியமான இளம் வயதுக்காரர்களுக்கு இது 100-ஐ ஒட்டி இருக்கும். பாட்டியின் சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்குதான் ஓடுகிறது. க்ரியாட்டினின் தசையிலிருந்து வருவது; பாட்டி உடம்பில் தசையே கொஞ்சம்தான். அதனால்தான் எண் நல்ல பிள்ளையாகத் தெரிகிறது.

நாளைக்கே க்ரியாட்டினின் 1.1 ஆனால் கணக்கு 28-க்கு இறங்கும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் எனாக்சாபரினுக்கு 30-தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் டோஸைக் குறைக்க வேண்டும். வெறும் 0.1 மாற்றம்; பாட்டி கோட்டைத் தாண்டிவிட்டார். கவனிக்காவிட்டால் ரத்தக்கசிவு.

வடிகால் அடைத்த தொட்டியில் குழாயை அதே வேகத்தில் திறந்துவிட்ட கதைதான். ஜென்டாமைசினின் அரை ஆயுள் சாதாரணமாக இரண்டு மூன்று மணி நேரம்; சிறுநீரகம் நின்றுபோனால் ஒரு நாளையும் தாண்டும். தேங்கினால் காதையும் கெடுக்கும், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மார்ஃபின் கல்லீரலில் உருமாறினாலும், உருமாறிய பொருளுக்கும் வீரியம் உண்டு. அது வெளியேற வேண்டியது சிறுநீரகம் வழியேதான். டிஜாக்சினின் அரை ஆயுள் ஒன்றரை முதல் இரண்டு நாள். சிறுநீரகம் கெட்டால் நான்கைந்து நாள் ஆகும். இதில் நீர் பிரிய ஃப்ரூசமைடும் போட்டுப் பொட்டாசியம் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். டிஜாக்சின் கொடுக்குமுன் நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் வேலை இங்கே ஆகாது. 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று சொன்னாலும் அப்படியே.

எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அனுப்பிவிடாதீர்கள்

ஷுகர் மாத்திரை சாப்பிடும் பெரியவர். இரண்டு நாளாக வாந்தி பேதி, சாப்பாடு இல்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். மயங்கிய நிலையில் தூக்கி வருகிறார்கள். ஷுகர் 32. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண் திறக்கிறார், பேசுகிறார், காபி கேட்கிறார். வீட்டார், "கூட்டிட்டுப் போறோம் சிஸ்டர்" என்கிறார்கள்.

விடாதீர்கள்! ஏற்றிய குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவர் போட்ட ஷுகர் மாத்திரையான கிளிபென்கிளமைடு ஒரு நாளுக்கும் மேல் உடம்பில் நின்று இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். பேதியில் வற்றிய சிறுநீரகம் அதை வெளியே தள்ளுவதும் தாமதமாகும். நள்ளிரவில், எல்லாரும் தூங்கும் நேரத்தில் ஷுகர் மறுபடி விழும். குறைந்தது 24 மணி நேரமாவது கண்காணிப்பு, மணிக்கணக்கில் சிபிஜி, ட்ரிப்.

நலோக்சோனும் இப்படித்தான். மார்ஃபின் அதிகமாகி மூச்சு குறைந்தவருக்கு இதைப் போட்டதும் விழிப்பார். ஆனால் நலோக்சோன் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும், மார்ஃபின் அடங்காது. முதல் முறை விழித்தவுடன் மானிட்டரைக் கழற்றினால் இரண்டாம் முறை யாரும் பார்க்காதபோது மூச்சு நிற்கும். முறிமருந்து எவ்வளவு நேரம் தாங்கும், மருந்து எவ்வளவு நேரம் தாங்கும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் பெட்டை விட்டு நகராதீர்கள்.

ட்ரேயைத் தூக்குமுன் பார்க்க வேண்டியவை

— நேற்றைய ஐ/ஓ சார்ட்: யூரின் எவ்வளவு? குறைந்திருக்கிறதா?

— கடைசி க்ரியாட்டினின் என்ன தேதியில் எடுத்தது? வயது, எடையோடு சேர்த்துப் பார்த்தாயிற்றா?

— நேற்றிலிருந்து புதிதாகச் சேர்ந்த மருந்து எது? நிறுத்திய மருந்து எது?

— மருந்து போகும் வழி மாறியிருக்கிறதா? ரைல்ஸ் டியூப் என்றால் இந்த மாத்திரையை நுணுக்கலாமா?

— நேற்று இல்லாத எதையாவது நோயாளியோ அட்டெண்டரோ சொல்கிறார்களா? வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், அதிகத் தூக்கம், காதில் இரைச்சல்?

ஒன்றில் இடறினாலும் அந்த ஒரு டோஸை நிறுத்தி வைத்துவிட்டு, உடனே டியூட்டி ஸ்டாஃபிடம் சொல்லுங்கள். நீங்களாக முடிவெடுத்து மருந்தையே விட்டுவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் தவறவிட்டால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். டாக்டரிடம் பேசும்போது, "சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று இழுக்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "சார், பெட் 12. ஜென்டாமைசின் நாலாவது நாள். நேத்து க்ரியாட்டினின் 1.1, இன்னைக்கு 2.3. ராத்திரி பன்னிரண்டு மணி நேரத்துல யூரின் 200 மில்லிதான். எட்டு மணி டோஸ் கையில இருக்கு, இன்னும் போடல. போடலாமா, மாத்தறீங்களா?" எண்ணோடு கேட்கும் கேள்வியை எந்த டாக்டரும் தட்டிக்கழிக்க முடியாது.

பதில் வந்ததும் நர்ஸஸ் நோட்டில் எழுதுங்கள். வெறுமனே 'கொடுக்கவில்லை' என்று எழுதினால், அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் மறந்துபோன டோஸ் என்று நினைத்து இரட்டிப்பாகக் கொடுத்துவிடக்கூடும். எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், என்ன காரணம், யாரிடம் சொன்னீர்கள், என்ன உத்தரவு வந்தது, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது. இந்த ஐந்தையும் எழுதிவிட்டு, ஷிப்டு மாறும்போது வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.